கொச்சியின் பழைய யூதத் தெருக்கள்: மூன்று நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

நடைவண்டி கேட்டது:

வெள்ளிக்கிழமை காலை எர்ணாகுளத்தில் இறங்கி, ஞாயிறு இரவு ரயிலில் திரும்புவதாகத் திட்டம். கொச்சியில் யூதர்கள் வாழ்ந்த பழைய இடங்களை மட்டும் பார்க்க வேண்டும். படகு வீடு, கதகளி எதுவும் வேண்டாம். இணையத்தில் எங்கே தேடினாலும் மட்டாஞ்சேரி பரதேசி சினகாக் (யூதர்களின் தொழுகைக் கூடம்) ஒன்றைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஒரு மணி நேரம் போதும் என்கிறார்கள். மீதி நேரத்துக்கு என்ன இருக்கிறது?

குறிப்பாக மூன்று கேள்விகள்.

1. கடவும்பாகம், தெக்கும்பாகம் என்ற பெயர்கள் எர்ணாகுளத்திலும் வருகின்றன, மட்டாஞ்சேரியிலும் வருகின்றன. இரண்டும் ஒன்றா, வேறா?
2. யூதர்களுக்குச் சேர மன்னன் கொடுத்த செப்பேடு தமிழில்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா? நேரில் பார்க்க முடியுமா?
3. எபிரேயம் தெரியாது. கல்வெட்டுகளில் ஆண்டை மட்டுமாவது படிக்க வழி உண்டா?

கூட அம்மா வருகிறார்கள். முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது.

---

கறிமிளகு:

நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று நாளும் வில்லங்கமான நாள்கள். ஆனால் வரிசையை மாற்றினால் தப்பிக்கலாம்.

வெள்ளி மாலை சூரியன் மறையும்போது சபாத், அதாவது யூதர்களின் வார ஓய்வு நாள், தொடங்குகிறது. அதனால் பரதேசி சினகாக் வெள்ளியன்று மதியம் 1 மணியோடு பார்வையாளர்களுக்கு மூடிவிடும், சனி முழுக்க அடைப்பு. மற்ற நாள்களில் காலை 10 முதல் 1 வரை, பிறகு 3 முதல் 5 வரை. பக்கத்தில் இருக்கும் மட்டாஞ்சேரி அரண்மனைக்கோ வெள்ளிதான் விடுமுறை. ஆகவே வெள்ளி, சனியில் மட்டாஞ்சேரி போகிறவர்கள் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றைத் தவறவிடுவார்கள். பெரும்பாலோர் "வந்த அன்றைக்கே முடித்துவிடலாம்" என்று வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு அங்கே போய் நிற்பார்கள். அரண்மனையும் பூட்டு, சினகாக்கும் பூட்டு. மிச்சமிருப்பது மசாலாக் கடையும் பழம்பொருள் கடையும்தான்.

பரவூர், சேந்தமங்கலம் இரண்டும் இப்போது அருங்காட்சியகங்கள், அரசு நடத்துவது. அவற்றுக்கு விடுமுறை திங்கள். சனிக்கிழமை திறந்திருக்கும்.

ஆகவே உங்களுக்கு இப்படி: வெள்ளி காலை எர்ணாகுளம் மார்க்கெட் பகுதி. சனி பரவூரும் சேந்தமங்கலமும், நேரம் இருந்தால் மாளாவும். ஞாயிறு முழுக்க மட்டாஞ்சேரி. ஞாயிறு அரண்மனையும் உண்டு, சினகாக்கும் உண்டு. எர்ணாகுளத்தை ஞாயிறுக்குத் தள்ளாதீர்கள், கடைத்தெருவில் பாதிக்கு மேல் அன்றைக்கு அடைத்துக் கிடக்கும்.

யூதப் பண்டிகை நாள்களிலும் அடைப்புதான். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத், சிம்ஹத் தோரா என்று சுமார் மூன்று வாரத்துக்குள் அடுத்தடுத்து வரும். மார்ச்-ஏப்ரலில் பஸ்கா. சந்திர மாதங்களை வைத்து ஓடும் நாட்காட்டி என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். டிக்கெட் போடுவதற்கு முன் அந்த ஆண்டுத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

முதல் கேள்விக்கு: இரண்டும் வேறு. கடவும்பாகம் என்றால் படகுக்கடவுப் பக்கம், தெக்கும்பாகம் என்றால் தெற்குப் பக்கம். இவை சபைகளின் பெயர்கள். மட்டாஞ்சேரியில் ஒரு ஜோடி, எர்ணாகுளத்தில் ஒரு ஜோடி, ஆக நான்கு சினகாக். மட்டாஞ்சேரி தெக்கும்பாகம் இடிக்கப்பட்டுவிட்டது, போய்த் தேட வேண்டாம். மற்ற மூன்றும் ஏதோ ஒரு நிலையில் இருக்கின்றன. ஆட்டோக்காரரிடம் "கடவும்பாகம்" என்று மட்டும் சொன்னால் காயலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாலும் ஆச்சரியமில்லை. எர்ணாகுளத்தில் "மார்க்கெட் ரோடு", "ஜூ ஸ்ட்ரீட்" என்றும், மட்டாஞ்சேரியில் "ஜூ டவுன்" என்றும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஊர்ப்பெயரிலும் இதே தொல்லை உண்டு. பரவூர் என்று ரயில் நிலையம் தேடினால் கொல்லம் மாவட்டப் பரவூர் வந்து நிற்கும். உங்களுக்கு வேண்டியது வடக்கன் பரவூர். அங்கே ரயில் கிடையாது. ஆலுவாவில் இறங்கிப் பஸ் பிடிக்கலாம், எர்ணாகுளத்திலிருந்தும் பஸ் நிறைய, சுமார் 25 கி.மீ. சேந்தமங்கலம் என்று தமிழில் தேடினால் நாமக்கல்லைக் காட்டும்!

---

ஓட்டுக்கூரை:

முந்தைய பதிவர் நாள்களைச் சொல்லிவிட்டார். கட்டடத்தில் எதைப் பார்ப்பது என்று கொஞ்சம் சொல்கிறேன். அது தெரியாமல் போனால் எல்லாமே "வெள்ளைச் சுவர், கண்ணாடி விளக்கு" என்று ஒன்றுபோல் இருக்கும்.

கேரள சினகாக்குக்கு ஓர் அமைப்பு உண்டு. தெருவோரம் படிப்புரை, அதாவது வாசல் கட்டடம். அதைத் தாண்டி நடை. பிறகு மதில் சூழ்ந்த முற்றம். அடுத்து அசாரா என்னும் முன்கூடம். அதற்குப் பின்னால் உயர்ந்த ஒரே கூடம். கூடத்தின் கோடிச் சுவரில் ஹெக்கால், அதாவது தோரா (யூத வேதம்) சுருள்களை வைக்கும் மரப்பேழை. கூடத்தின் நடுவில் தேவா, அதாவது நின்று ஓதும் மேடை, சுற்றிலும் பித்தளைக் கம்பி. இதுவரை உலகில் பல ஊர்களில் இருப்பதுதான். கேரளத்துக்கே உரியது இரண்டாவது தேவா. மேல்மாடத்தில், பெண்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால், ஹெக்காலைப் பார்த்தபடி துருத்திக்கொண்டிருக்கும். பண்டிகை நாள்களில் அங்கிருந்து ஓதுவார்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் திரும்பி நின்று மேலே பாருங்கள். விளக்குகளையே பார்த்துக்கொண்டு முன்னால் போய்விட்டால் இது கண்ணிலேயே படாது. அம்மாவுக்கும் கீழிருந்தே நன்றாகத் தெரியும்.

இந்த அமைப்பு முழுசாகக் கிடைப்பது பரவூரில்தான். கல்வெட்டுக் கணக்குப்படி 1615-16இல் எழுந்தது. தெருவாசலிலிருந்து கூடம் வரை நீளமாக ஒரே கோட்டில் போகும். மட்டாஞ்சேரியில் இட நெருக்கடியால் எல்லாம் சுருங்கிவிட்டது, அதைப் பார்த்து மட்டும் கேரள சினகாக்கைப் புரிந்துகொள்ள முடியாது. என்னைக் கேட்டால் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் பரவூரைத்தான் சொல்வேன். சுற்றுலா நூல்கள் ஏன் பரதேசியோடு நிறுத்திக்கொள்கின்றன என்பது புரியாத விஷயம். ஒரு குறை, பரவூரில் இப்போது இருக்கும் ஹெக்காலும் தேவாவும் நகல்கள். மூலங்கள் எருசலேமில் இஸ்ரேல் மியூசியத்தில் இருக்கின்றன. மட்டாஞ்சேரி கடவும்பாகத்தின் உள் மரவேலையும் அங்கேதான்.

மட்டாஞ்சேரி கடவும்பாகம் இன்று பாதி இடிபாடு. 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சமூகம் இஸ்ரேலுக்குப் போனபின் கயிறு கிடங்காகக் கிடந்தது. 2019 செப்டம்பர் மழையில் முன்பகுதி சரிந்தது. இந்தக் கட்டடங்களின் சுவர் வெட்டுக்கல், நம்மூரில் செம்புரைக்கல் என்பது. சுண்ணாம்புப் பூச்சு இருக்கும் வரை அது நூற்றாண்டுகள் தாங்கும். பூச்சு உதிர்ந்து, மேலே ஓடும் நகர்ந்துவிட்டால் கல் நீரை உறிஞ்சிப் புட்டு மாதிரி உதிரத் தொடங்கும். வெளியே தெருவிலிருந்து பாருங்கள், சுவரை ஒட்டி நிற்க வேண்டாம். மழைக்காலத்தில் நிச்சயமாக வேண்டாம்.

பரதேசிக்கு வருவோம். 1567இல் கொச்சி அரசர் அரண்மனையை ஒட்டி நிலம் கொடுத்தார், 1568இல் கட்டினார்கள். அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலுக்கும் இதற்கும் நடுவில் ஒரே மதில்தான். 1662இல் டச்சுக்காரர்களின் முதல் முற்றுகை தோற்றபோது, யூதர்கள் டச்சுக்காரர் பக்கம் நின்றார்கள் என்று போர்ச்சுகீசியர் இதைத் தாக்கினார்கள். அடுத்த ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபின் பழுது பார்க்கப்பட்டது. மணிக்கூண்டு 1760, தரையின் நீல வெள்ளை ஓடு 1762. இரண்டுமே எசெக்கியேல் ரஹாபி (1694-1771) செய்தவை. அலெப்போவிலிருந்து வந்த குடும்பம். டச்சுக் கம்பெனிக்கு இங்கே மிளகு வாங்கித் தரும் பெரிய வணிகர். மணிக்கூண்டின் முகங்களைச் சுற்றி வந்து பாருங்கள். எபிரேய எண், ரோம எண், மலையாள எண் என்று முகத்துக்கு ஒரு கணக்கு. மலையாள எண்கள் அரண்மனைப் பக்கம். யார் எந்தப் பக்கத்திலிருந்து மணி பார்ப்பார்கள் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

செருப்பை வெளியே விட வேண்டும். மற்ற ஊர் சினகாக்குகளில் இந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை, இங்கே உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை. அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை போட்டவர்களை வாசலிலேயே நிறுத்துவார்கள். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. சீட்டுக்குச் சில்லறை வைத்திருங்கள். ஆண்கள் தலையை மூடுவது கட்டாயமில்லை, ஆனால் தொழுகை இடத்து மரியாதை அது. கைக்குட்டை போதும்.

---

நடைவண்டி:

ரொம்ப நன்றி. வெள்ளி மதியம் மட்டாஞ்சேரிதான் போவதாக இருந்தேன்! அந்தச் சீன ஓடுகளில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்கிறார்களே, உண்மையா? ஜூ டவுனில் சன்னல் கம்பியில் ஆறுமுனை நட்சத்திரம் இருந்தால் அது யூதர் வீடு என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

ஓட்டுக்கூரை:

ஓடு காண்டன் துறைமுகத்திலிருந்து வந்தது, கையால் வரைந்தது. அதனால் எந்த இரண்டிலும் தூரிகைக் கோடு அச்சாகப் பொருந்தாது. ஆனால் ஓவியத்தின் கரு சில வகைகள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள், தெரிந்துவிடும். "ஒவ்வொன்றும் தனி" என்பது பாதி உண்மை.

நட்சத்திரத்தை நம்பாதீர்கள். அறுகோணம் நம் முருகன் சக்கரத்திலும் உண்டு, அலங்காரமாக எந்த வீட்டுக் கம்பியிலும் வரும். கடைக்காரர்கள் புதிதாக மாட்டியதும் இருக்கலாம். பார்க்க வேண்டியது கதவு நிலை. வீட்டுக்குள் நுழையும்போது வலக்கைப் பக்கத்து நிலையில், ஏறத்தாழ தோள் உயரத்தில், விரல் நீளக் குழியோ ஆணித் துளையோ இருக்கிறதா பாருங்கள். மெசூசா இருந்த இடம் அது. வேத வரி எழுதிய சிறு தோல்சுருளைக் கூட்டில் இட்டு நிலையில் பொருத்துவார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது பெரும்பாலும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், தடம் மட்டும் நிற்கும். பெயின்ட் மேல் பெயின்ட் அடித்திருந்தாலும் பள்ளம் தெரியும். மாடி வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். கீழே கிடங்கு, மேலே குடும்பம். மிளகு வணிகத் தெருவின் வீடு இப்படித்தான் இருக்கும்.

---

வட்டெழுத்து:

இரண்டாவது கேள்விக்கு.

"தமிழில்தான் இருக்கிறது" என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது, ஆனால் பொய்யில்லை. எழுத்து வட்டெழுத்து, இடையிடையே கிரந்தம். மொழி, மலையாளம் தனியாகப் பிரிந்து வந்துகொண்டிருந்த காலத்து மேற்குக் கடற்கரை மொழி. பெயர்த்தெழுதிய பிரதியை வைத்துக்கொண்டால் தமிழ் படித்தவர் பாதிக்கு மேல் புரிந்துகொள்ளலாம். மன்னன் பாஸ்கர ரவிவர்மன். கொடுத்த இடம் "முயிறிக்கோடு", அதாவது முசிறி, இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம். பெற்றவர் "ஈசுப்பு இறப்பான்". யோசேப் ரப்பான் என்ற பெயர் நம் நாக்கில் இப்படி உருண்டிருக்கிறது. கொடுத்தது அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு விடுபேறும் (சிறப்புரிமைகள்). பகல்விளக்கு, பாவாடை, அந்தோளம், குடை, வடுகப்பறை, காளம், தோரணம் என்று பட்டியல் போகிறது. பாவாடை என்றால் நடக்கும் வழியில் விரிக்கும் துணி. அந்தோளம் பல்லக்கு. காளம் ஊதுகொம்பு. "உல்கும் துலாக்கூலியும் விட்டோம்" என்று ஒரு வரி வரும். உல்கு சுங்கம், துலாக்கூலி நிறுவைக் கட்டணம், இரண்டையும் தள்ளுபடி செய்தோம் என்பது. வணிகருக்கு உயிர்நாடியான வரி அதுதான். குடையும் பல்லக்கும் மரியாதை, இதுதான் காசு.

காலத்தில் ஏமாறாதீர்கள். 379ஆம் ஆண்டு என்று மரபுக் கதை சொல்லும், வழிகாட்டிகளும் அதையே சொல்வார்கள். செப்பேட்டில் இருப்பது "இரண்டாமாண்டைக்கு எதிர் முப்பத்தாறாமாண்டு", அதாவது ஆட்சியின் 38ஆம் ஆண்டு. ஆய்வாளர்கள் கணக்கில் அது கி.பி. 1000. வட்டெழுத்தின் வடிவமும் 4ஆம் நூற்றாண்டுக்கு ஒத்துவராது.

இன்னொரு பிழை, "யூதர்களுக்குத் தனி நாடு கொடுத்தார்" என்பது. அஞ்சுவண்ணம் என்பது ஊரோ நாடோ அல்ல, மேற்காசிய வணிகர்களின் குழு என்றுதான் இப்போது கொள்கிறார்கள். 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலும் மணிக்கிராமம் என்ற இன்னொரு வணிகர் குழுவோடு சேர்ந்து அஞ்சுவண்ணம் வருகிறது. அந்தச் செப்பேட்டின் சாட்சிக் கையொப்பங்களில் அரபி, பஹ்லவி (பழைய பாரசீகம்) எழுத்தோடு எபிரேய எழுத்தும் உண்டு.

மூலத்தைப் பார்க்க முடியாது. பரதேசி சபையின் பொறுப்பில் இருக்கிறது, பார்வைக்கு வைப்பதில்லை. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்ததும் நகல்தான். அச்சில் வந்த வாசகத்தைப் பயணத்துக்கு முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுப் போங்கள்.

மூன்றாவது கேள்வி, ஆண்டு படிப்பது. இது சுலபம். எபிரேயத்தில் எழுத்தே எண். வலமிருந்து இடம் படிக்க வேண்டும். அலெஃப் 1 முதல் தேத் 9 வரை ஒன்றுகள், யோத் 10 முதல் பத்துகள், கோஃப் 100, ரேஷ் 200, ஷின் 300, தாவ் 400. கைபேசியில் ஓர் எழுத்து அட்டவணைப் படம் வைத்துக்கொள்ளுங்கள். யூத ஆண்டு ஐயாயிரத்துச் சொச்சம். கல்லில் பெரும்பாலும் ஆயிரத்தை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வெட்டுவார்கள். கிடைத்த எண்ணோடு 1240 கூட்டினால் கிறித்தவ ஆண்டு. யூத ஆண்டு செப்டம்பர்-அக்டோபரில் பிறப்பதால், மாதம் திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றிருந்தால் ஒன்று கழிக்க வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு கல் சொல்கிறேன். பரதேசி முற்றத்துச் சுவரில் பதித்திருப்பது, கொச்சங்காடி சினகாக்கிலிருந்து வந்தது. அந்தச் சினகாக் இன்று இல்லை. ஆண்டு 5105. கோஃப் 100, ஹே 5, ஆக 105. 1240 கூட்டினால் 1345. ஆண்டின் தொடக்க மாதங்கள் என்று கொண்டால் 1344, வழக்கமாகச் சொல்லப்படுவதும் அதுதான். பரதேசி சினகாக்கை விட இருநூறு ஆண்டுக்கு மேல் மூத்த கல், எல்லோரும் அதைக் கடந்துதான் சரவிளக்கு பார்க்க ஓடுகிறார்கள். 1341 பெரியாறு வெள்ளத்தில் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்து, கொச்சி வாய் திறந்ததாகச் சொல்வார்கள். இந்தக் கல்லின் ஆண்டை அதோடு சேர்த்துப் பாருங்கள்.

எச்சரிக்கை ஒன்று. சில கற்களில் ஆண்டைத் தனியாக வெட்டாமல் வேதவரி ஒன்றைப் பொறித்து, அதில் சில எழுத்துகளுக்கு மேல் மட்டும் புள்ளி வைத்திருப்பார்கள். புள்ளி வைத்தவற்றை மட்டும் கூட்ட வேண்டும். எல்லா எழுத்தையும் கூட்டினால் எங்கோ போய் நிற்பீர்கள். கல்லின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தால் புள்ளி மறைந்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலை வேளையில் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்.

சேந்தமங்கலத்தில் சினகாக்குக்கு முன்னால் நட்டு வைத்திருக்கும் சாரா பத் இஸ்ரேலின் கல்லறைக் கல்லைத் தவறவிடாதீர்கள். 1269. இந்தியாவில் கிடைத்தவற்றில் மிகப் பழைய எபிரேயக் கல்லறைக் கல் என்று கருதப்படுகிறது. "பத்" என்றால் மகள்.

---

கறிமிளகு:

பெயர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். "பரதேசி" என்றதும் நமக்கு வேறு பொருள் தோன்றும். இங்கே வெளிநாட்டார் என்பதே பொருள். 1492க்குப் பின் ஸ்பெயின், போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்டவர்களும், பிறகு சிரியா, ஈராக் பக்கமிருந்து வந்தவர்களும்தான் பரதேசிகள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இங்கே இருந்தவர்கள் மலபாரி யூதர்கள். ஆள் எண்ணிக்கையில் அவர்கள்தான் பெரும்பான்மை. பரவூர், சேந்தமங்கலம், மாளா, எர்ணாகுளம் எல்லாம் அவர்களுடையவை. நீங்கள் "ஆரம்பகால வாழ்வு" தேடினால் காயலின் எர்ணாகுளம் பக்கக் கரைதான் முக்கியம்.

பழைய நூல்களில் பரதேசிகளை வெள்ளை யூதர், மலபாரிகளைக் கருப்பு யூதர் என்று எழுதியிருக்கும். இந்த மாதிரிப் பிரிவினை கட்டடத்திலும் பதிந்திருக்கிறது. பரதேசியில் அசாராவைக் கடக்கும்போது சற்று நில்லுங்கள். விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களைக் கூடத்துக்குள் சமமாக உட்கார விடாமல், இங்கே தரையில்தான் உட்கார வைத்தார்கள். அதை எதிர்த்து காந்தி வழியில் சத்தியாகிரகம் செய்தவர் ஏ. பி. சேலம் (1882-1967). சென்னையில் சட்டம் படித்த வழக்கறிஞர், "யூத காந்தி" என்று பெயர் பெற்றவர். ஜூ டவுனில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. விளக்குகளை வர்ணிக்கும் வழிகாட்டிகள் இதைப் பெரும்பாலும் சொல்வதில்லை, நீங்களே கேளுங்கள். 1968இல் 400ஆம் ஆண்டு விழாவுக்கு இந்திரா காந்தி வந்தார், தபால்தலையும் வெளியானது. அதைத் தவறாமல் சொல்வார்கள்.

எர்ணாகுளம்: மார்க்கெட் ரோட்டில் கடவும்பாகம். வெளியே பார்த்தால் செடியும் வண்ணமீனும் விற்கும் கடை. "இதுவா?" என்று திரும்பிவிடாதீர்கள். சினகாக் கடைக்குப் பின்னால்தான். கடையில் கேட்டால் உள்ளே விடுவார்கள், ஏதாவது வாங்குவது அல்லது பராமரிப்புக்குக் கொடுப்பது நாகரிகம். கூட்டம் இல்லாத நேரமாக, வெள்ளி என்றால் முற்பகலில் போங்கள். சில நிமிட நடையில் ஜூ ஸ்ட்ரீட்டில் தெக்கும்பாகம். பூட்டியே இருக்கும், முகப்பை மட்டும் பார்க்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் போதும்.

சனி: காலையிலேயே பரவூர். ஜூ ஸ்ட்ரீட் சந்தைக்குப் பக்கத்தில். கூடம் தரைத்தளத்தில், அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, மேல்மாடம் மட்டும் படியேற வேண்டும். வெயில் ஏறினால் முற்றத்துக் கல் சுடும், காலுறை எடுத்துப் போங்கள். அங்கிருந்து ஆட்டோவில் சேந்தமங்கலம், நான்கைந்து கி.மீ.தான். கோட்டயில் கோவிலகம் என்று கேளுங்கள். ஒரு குன்றைச் சுற்றிக் கோயில், தேவாலயம், பள்ளிவாசல், சினகாக் நான்கும் இருக்கும் இடம் அது. மாளா இன்னும் வடக்கே, திருச்சூர் மாவட்டம். 1955இல் ஊரோடு இஸ்ரேலுக்குப் புறப்பட்டபோது சினகாக்கையும் கல்லறைத் தோட்டத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அம்மாவின் முழங்காலை நினைத்தால் மாளாவை விட்டுவிடலாம். கொடுங்கல்லூரில் சினகாக் எதுவும் மிஞ்சவில்லை.

---

நடைவண்டி:

கடைசியாக ஒன்று. மட்டாஞ்சேரியில் எல்லா மதத்தாரும் மெழுகுவத்தி ஏற்றும் யூதக் கல்லறை ஒன்று இருக்கிறதாமே?

---

வட்டெழுத்து:

நெஹேமியா மோத்தாவின் கல்லறை. கவிஞர், கபாலா என்னும் யூத மறைஞானத்தில் தேர்ந்த ஞானி. ஊரார் வாயில் நம்யா முத்தா. ஜூ டவுனின் தென்பகுதியில் வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. மலபாரி யூதர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில் இது ஒன்றுதான் தப்பியது. சுற்றிலும் குடியிருப்பு வந்துவிட்டது, அதனால் வரைபடத்தை நம்பாமல் வழியில் கேட்டுப் போவது நல்லது. இந்து, கிறித்தவர், முஸ்லிம் எல்லோரும் வேண்டுதலுக்கு வருவார்கள். கல்லில் ஆண்டு 5376. ஷின் 300, அயின் 70, வாவ் 6. 1240 கூட்டினால் 1616. மாதம் கிஸ்லேவ், ஆகவே ஒன்று கழித்து 1615.

பரதேசிகளின் கல்லறைத் தோட்டம் தனி, கொஞ்சம் தள்ளி, பூட்டியிருக்கும். திறந்து கிடைத்தால் பூ வைக்க வேண்டாம், யூத வழக்கத்தில் கல்லறை மேல் சிறு கல் வைப்பார்கள். கல்லறை மேல் உட்காருவது, சாய்ந்து படம் எடுப்பது கூடாது. வெளியே வந்ததும் கை கழுவுவது அவர்கள் முறை, நமக்கும் புதிதில்லை. தண்ணீர் பாட்டில் ஒன்று கையில் இருக்கட்டும், அங்கே குழாய் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.